ரெண்டு பெட்ரூம், ஏரி உள்வாய்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே எந்த மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. பக்கத்திலேயே லேக் ஏரியா. அதற்குள் முதல் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று வரிசையாக வீடுகள். இந்தப் பெயர்களை ஆட்டோக்காரரிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்போம். எந்த ஏரி என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வீடு வாங்கலாம் என்று கிளம்பிய பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வியே வந்தது.

ஒன்றரை வருடமாகத் தேடுகிறோம். நான், கணவர், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், அத்தை. ரெண்டு பெட்ரூம் போதும். பார்த்த புரோக்கர்கள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: "பக்கா பேமிலி ஏரியா மேடம்." அப்படின்னா என்ன என்று ஒருவரிடம் கேட்டேன். "ஸ்கூல் பக்கம், கோயில் பக்கம், ராத்திரி பத்து மணிக்கும் லேடீஸ் தனியா நடந்து போலாம்" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "எல்லாம் டீசன்ட் ஆளுங்க." தண்ணி நிக்குமா என்று கேட்டதற்கு மட்டும் பதில் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு வந்தது.

'டீசன்ட் ஆளுங்க' என்ற பேச்சும் 'தண்ணி நிக்குமா' என்ற கேள்வியும் எனக்கு வேறுவேறாகத்தான் பட்டன. பழைய கணக்குகளைப் புரட்டப் புரட்ட இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன.

முதலில் அந்த ஏரி. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்தில் தொடங்கி மாம்பலம் வழியாக சைதாப்பேட்டை வரை வில்லாக வளைந்து கிடந்த நீர்ப்பரப்பு. நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் சேர்ந்தது. வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதில் படகுப் பந்தயம் நடந்திருக்கிறது. இன்று தி.நகரில் புடவை எடுக்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் இதை நினைத்துப் பார்க்கலாம்.

1915ல் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தன் நகரமைப்புக் கண்காட்சியோடு சென்னைக்கு வந்தார். இந்திய நகரங்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கருத்து, குளங்களைத் தூர்க்காதீர்கள் என்பது. கொசு வருகிறது என்றால் மீனையும் வாத்தையும் விடுங்கள், குளத்தை ஏன் கொல்கிறீர்கள் என்கிற ரீதியில் வாதாடினார். அதே வருடங்களில் லாஞ்செஸ்டர் சென்னை அரசின் நகரமைப்பு ஆலோசகராக இருந்து 1918ல் ஒரு புத்தகமே எழுதினார். 1920ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. நகரத்துக்கோ வீடு பற்றவில்லை. ஜார்ஜ் டவுனில் நெரிசல், மயிலாப்பூரில் இடமில்லை. அரசாங்கத்தின் கண் ஏரி மேல் விழுந்தது. 1923 வாக்கில் மாம்பலம் ஏரியை வடிக்கும் வேலை தொடங்கியது.

நீதிக்கட்சி ஆட்சிக் காலம் அது. 1921 முதல் 1926 வரை முதல்வராக இருந்த பனகல் அரசரின் பெயரைப் பூங்காவுக்கு வைத்தார்கள். 1925ல் காலமான பிட்டி தியாகராயரின் பெயர் முழு நகருக்கும் வந்தது. டாக்டர் நாயர், நடேசனார், உஸ்மான், பிறகு சௌந்தரபாண்டியன் என்று தெருத் தெருவாகக் கட்சி நிற்கிறது. சௌந்தரபாண்டியனார் மட்டும் 'பாண்டி பஜார்' ஆகிவிட்டார், அது வேறு கதை. பூங்காவை நடுவில் வைத்து அதிலிருந்து சாலைகள் பிரிவது போலப் போட்ட அந்த வரைபடத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது. நடக்க நிழல், குழந்தைகளுக்குப் பூங்கா, எட்டும் தூரத்தில் மாம்பலம் ஸ்டேஷன். 1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், ஜார்ஜ் டவுன் ஆபீசில் வேலை பார்ப்பவர் இங்கே குடும்பத்தை வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. 'பேமிலி ஏரியா' என்ற சரக்கை இந்த ஊரில் அரசாங்கமே தயாரித்து விற்ற முதல் பெரிய கடை தி.நகர்தான் என்பது என் எண்ணம்.

அத்தை கல்யாணமாகி வந்தது ரயில்பாதைக்கு மேற்குப் பக்கம். "அந்தப் பக்கம் மனை, இந்தப் பக்கம் போர்ஷன். அவ்ளோதான் வித்தியாசம்" என்பார். கிழக்கே வக்கீல்களும் அதிகாரிகளும் சுற்றுச்சுவர் கட்டிய வீடுகளில் இருக்க, மேற்கே ஒண்டுக்குடித்தனம், பொதுக்குழாய், பேர்போன மாம்பலம் கொசு. கெடிஸின் வாத்துகளை இங்கே யாரும் விடவில்லை.

ஏரி போனது, தண்ணீர் போகவில்லை. வள்ளுவர் கோட்டத்தை 1976ல் திறந்தார்கள். அது நிற்பதும் அதே பழைய ஏரிப் படுகைதான். அந்தப் பக்கத்திலிருந்து தி.நகருக்குள் புகுந்து அடையாற்றை நோக்கிப் போகிறது மாம்பலம் கால்வாய். 2021 நவம்பரில் அது அடைத்துக்கொண்டபோது ஜி.என். செட்டி சாலையிலும் பாண்டி பஜாரிலும் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. செய்தியில் 'வரலாறு காணாத' என்றார்கள். வரலாறு கண்ட தண்ணீர்தான் அது.

அண்ணா நகருக்கு இந்தத் தொல்லை குறைவு என்பதால் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். நடுவக்கரை போன்ற கிராமங்கள் இருந்த இடத்தில் 1968ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடத்தி, கோபுரம் ஒன்றை எழுப்பி, ஊருக்கு வெளியே ஆளைக் கூட்டிப்போய்க் காட்டி, பிறகு வீட்டுவசதி வாரியம் கட்டம் கட்டமாக மனை பிரித்தது. அங்கே எங்கள் பட்ஜெட்டுக்குக் கார் நிறுத்தும் இடம் கிடைக்கலாம். சரி, விடுங்க.

எங்கள் பட்ஜெட் தென்பக்கம் தள்ளியது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம். இங்கேதான் பத்திரம் படிக்கக் கற்றுக்கொண்டேன். மாலும் மேம்பாலமும் பறக்கும் ரயிலும் இருக்கும் இடத்தைப் பத்திரம் இன்னும் 'வேளச்சேரி கிராமம்' என்றுதான் எழுதுகிறது. புரோக்கர் நீட்டுவது சிஎம்டிஏ அப்ரூவலும் பதின்மூன்று வருட வில்லங்கச் சான்றும். இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டுமே மண்ணைப் பற்றிப் பேசாது. தாய்ப் பத்திரத்தில் பழைய சர்வே நம்பர் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கிராமக் கணக்கின் அ-பதிவேட்டுக்குப் போக வேண்டும். அந்த எண்ணுக்கு நேரே நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு, மேய்க்கால், வாய்க்கால், ஏரி என்று ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு சொல், புரோக்கர் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அதிகம் சொல்லும்.

எப்படி என்றால், செங்கல்பட்டுச் சீமையின் கிராமம் தண்ணீரைப் பார்த்துக் கட்டியது. மேட்டுப் பக்கத்திலிருந்து ஓடிவரும் மழையை ஏரி பிடிக்கும். தண்ணீர் நிற்கும் படுகை ஏரி உள்வாய். கரைக்குக் கீழே, மதகைத் திறந்தால் தானாகப் பாயும் தாழ்ந்த நிலம் நஞ்சை. தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் புஞ்சை. குடியிருக்கிற இடம் நத்தம். அது மழைக்கு மூழ்காத திட்டாகப் பார்த்து அமைந்தது. இன்று உள்வாயிலோ நஞ்சையிலோ அடுக்குமாடி கட்டினால், தண்ணீர் தன் பழைய வேலைக்கு வருகிறது. அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பெரிய மழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிறார்களே, அது நத்தம் தேடுவதுதான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பட்டவர்கள் அவர்கள்.

ஆனால் கிராமத்தில் நத்தம் ஒன்றில்லை. பழைய வருவாய்க் கணக்குகள் ஊர் நத்தம், சேரி நத்தம் என்று இரண்டாகப் பிரிக்கின்றன. இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். சேரி என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்று மட்டும்தான் பொருள். சோழர் கால உத்திரமேரூர்ப் பிராமணர் ஊரே சேரிகளாகப் பிரிந்திருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. வேளச்சேரியின் பெயரில் இருக்கும் சேரியும் பழையதுதான். அங்குள்ள தண்டீஸ்வரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. பிறகு எப்போதோ அந்தச் சொல் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் குடியிருப்பாகச் சுருங்கிவிட்டது. பெரும்பாலும் வயலை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் இருந்தது அது.

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமன்ஹீர் 1891ல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். ஆட்சியர் அலுவலகம் அப்போது சைதாப்பேட்டையில், அந்த லாங் டேங்கின் தென்கோடிக்குப் பக்கத்தில். நிலமில்லை, கூலியில்லை என்பதோடு அவர் பதிந்த ஒன்று என்னை அசைத்தது: குடிசை நிற்கும் மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. மிராசுதாரோடு முறைத்துக்கொண்டால் வேலையோடு வீடும் போய்விடும். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892ல் வந்த அரசாணையின்படி ஒதுக்கிய நிலங்களைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். அவற்றிலும் எவ்வளவு கைமாறிப் போயிற்று என்பது தனிக் கட்டுரை. வீட்டு மனை என்பது இந்த மண்ணில் வெறும் முதலீடாக எப்போதும் இருந்ததில்லை. யார் யாருக்கு அடங்கி நடப்பது என்பதை அதுதான் தீர்மானித்தது.

நூறு வருடம் கழித்து மிராசுதார் இடத்தில் நகரம் உட்கார்ந்தது. 2000 முதல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று ஆற்றோரம் இருந்த குடும்பங்களை லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றிய தாழ்ந்த நிலத்தில் இறக்கிவிட்டார்கள். செம்மஞ்சேரிக் குடியிருப்பு அதற்குப் பிறகும் எத்தனையோ மழையில் மூழ்கியிருக்கிறது. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது, வீட்டுவேலை பார்த்த அம்மாக்களுக்கு வேலை போனது. கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். அந்தச் சதுப்பு 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் அதன் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கம்பெனிகளாகவும் வீடுகளாகவும் ஆகிவிட்டிருந்தது.

பெரும்பாக்கம் பக்கம் நாங்கள் பார்த்த ஒரு ஃபிளாட் எட்டாவது மாடி. நல்ல காற்று. சேல்ஸ் தம்பி பால்கனியைத் திறக்காமலே பேசிக்கொண்டிருந்தார். நான் திறந்தேன். எதிரே வாரியக் குடியிருப்பு, வரிசை வரிசையாக, கொடியில் துணிகள்.

"வேணாம்னா அந்தப் பக்கம் பார்க்காத யூனிட்டா தர்றேன் மேடம். நம்ம கேட்டுக்குத் தனி ரோடு. அவங்களுக்கும் நமக்கும் சம்பந்தமே கிடையாது."

"வீட்டுவேலைக்கு ஆள் கிடைக்குமா தம்பி?" என்று அத்தை கேட்டார்.

"அது பிரச்சனையே இல்லம்மா. அங்கேருந்துதான் வருவாங்க."

அதே மழை, அதே தாழ்ந்த நிலம். நாங்கள் இருபது வருட லோன் போட்டு வாங்கப் பார்த்த இடத்துக்குத்தான் அவர்களை ஒரே பகலில் குடியேற்றினார்கள். எங்களுக்குத் தரைத்தளம் கார் நிறுத்த; அவர்களுக்குத் தரைத்தளம் வீடு. அந்த ஃபிளாட் வேண்டாம் என்று திரும்பினோம். காரணம் அ-பதிவேட்டில் இருந்தது: நஞ்சை. பால்கனிதான் காரணம் என்று சேல்ஸ் தம்பி நினைத்துக்கொண்டார். இல்லை என்று விளக்கினேன், அவர் நம்பவில்லை.

இப்போது கையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, வேளச்சேரியில் தண்டீஸ்வரர் கோயில் பக்கத்துப் பழைய தெருவில் முப்பது வருடக் கட்டடம். கணக்கில் நத்தம். லிஃப்ட் இல்லை, கார் உள்ளே திரும்பாது, பழைய கட்டடம் என்று பேங்க் முகத்தைச் சுளிக்கிறது. ஆனால் கூப்பிடு தூரத்தில் பால்கடை, மருந்துக்கடை. மாலையில் பிள்ளைகள் தெருவிலேயே விளையாடுகிறார்கள். முனையில் இஸ்திரி போடும் அண்ணனிடம் 2015ல் தண்ணி எவ்வளவு வந்தது என்று கேட்டேன். "வாசப்படி வரைக்கும் வந்துச்சு, உள்ள வரலம்மா. ரெண்டு தெரு தள்ளிப் போய்ப் பாருங்க, அங்க கழுத்தளவு" என்று பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி சொன்னார். அதே வீட்டை விற்பவர், எங்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் "நீங்க எந்த ஊர்க்காரங்க, கவிச்சி சாப்பிடுவீங்களா" என்று கேட்டார். ஊர் நத்தத்துக்கும் இன்னும் காவல் இருக்கிறது.

இன்னொன்று, கொஞ்சம் தெற்கே, புதுசு. நீச்சல்குளம் உண்டு. தாய்ப் பத்திரத்தில் ஓரிடத்தில் எழுத்து அழிந்திருக்கிறது. அ-பதிவேட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், நகல் இன்னும் வரவில்லை. கணவருக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மகளுக்குக் கேட்கவே வேண்டாம்.

"ஆஃபர் தீபாவளியோட முடியுது மேடம்" என்று தினமும் போன் வருகிறது.

"மழை அதுக்கப்புறம்தானே பிடிக்கும்" என்றார் அத்தை. "கார்த்திகை தீபத்துக்கு அந்தத் தெருவுல வந்து நிக்குறோம்னு சொல்லு. விளக்கு நிக்குற இடமா, தண்ணி நிக்குற இடமான்னு பார்த்துட்டு அட்வான்ஸ் குடுக்கலாம்."