பின்லாந்தின் விதைநெல்

போன மாதம் பரணை ஒழித்தபோது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் என் பழைய நோக்கியா 1100 கிடைத்தது. தலையில் டார்ச் விளக்கு வைத்த அதே போன்தான். நம்மில் பலர் முதன்முதலாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட செல்போன் அதுவாகத்தான் இருக்கும். விடுமுறைக்கு வந்திருந்த பேரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது ஜப்பான் கம்பெனியா?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் தெருவில் பெரியவர்களே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நோக்கியா என்பது பின்லாந்தில் ஒரு ஊரின் பெயர். 1865-இல் தாம்பெரே என்ற நகரத்தில் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கிய தொழில், சில ஆண்டுகளில் பக்கத்திலிருந்த நோக்கியாவுக்கும் பரவி, அந்த ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டது. காகிதம், ரப்பர் பூட்ஸ், டயர், கேபிள் எல்லாம் செய்த பிறகுதான் செல்போன் வந்தது.

பேரனுக்கு இவ்வளவு சொன்னேன். மீதியைச் சொல்வதற்குள் அவன் எழுந்து போய்விட்டான். அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். தொலைபேசிச் சாதனங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். அங்கே மாடியில் ஒரு சின்ன டிசைன் அறை இருந்தது. நாங்கள் ஆறு பேர். பெரிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கிய ஒரு சின்ன பாகத்துக்குப் பதிலாக நம் ஊரிலேயே கிடைப்பதை வைத்து ஒரு சர்க்யூட் போட்டுப் பார்த்தோம், அவ்வளவுதான். 1991-இல் நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்ததே, நினைவிருக்கிறதா? தங்கத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பினோமே, அந்த வருடம்தான். செலவைக் குறைக்க வேண்டும் என்றார்கள். முதலில் பூட்டியது எங்கள் அறையை. என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். "இதனால் இன்றைக்கு என்ன வருமானம்?" என்று ஒரு மேலதிகாரி கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அன்றைக்கு வருமானம் இல்லை என்பது உண்மைதான்.

ஓய்வு பெற்ற பிறகு பின்லாந்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் அந்தக் கேள்விதான். அதே 1991-இல் அந்த நாட்டுக்கும் ஒரு நெருக்கடி வந்தது. நம்முடையதைவிட மோசமானது. அவர்கள் செய்தது வேறு.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பின்லாந்து சுதந்திரம் பெற்றது 1917-இல். இரண்டாம் உலகப் போரில் சோவியத் யூனியனிடம் தோற்று, 30 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது. அதைப் பணமாகக் கொடுக்கவில்லை. கப்பலாகவும் இயந்திரமாகவும் கேபிளாகவும் மரமாகவும் கொடுத்தார்கள். அதுவரை காட்டையும் மாட்டையும் நம்பியிருந்த நாடு, கடனை அடைப்பதற்காகவே பட்டறைத் தொழிலைக் கற்றுக்கொண்டது. 1952-இல் கடைசித் தவணைச் சரக்கும் எல்லையைத் தாண்டிப் போனது. பிறகு அதே சோவியத் யூனியனே அவர்களுக்கு நல்ல வாடிக்கையாளராகவும் ஆகிவிட்டது!

ஆராய்ச்சி என்றால் கோட்டு சூட்டு போட்டவர்கள் விஷயம் என்று அங்கே நினைக்கவில்லை. ஆர்த்துரி விர்த்தனென் என்பவர் 1945-இல் வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கினார். அவர் வேலை பார்த்தது பால் கூட்டுறவுச் சங்கங்களின் ஆய்வுக்கூடத்தில். பசும்புல்லில் அமிலம் சேர்த்துக் கெடாமல் வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். நம் கால்நடை டாக்டர்கள் 'ஊறுகாய்ப் புல்' என்பார்களே, அந்த வகை. ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கும் நாட்டில் மாட்டுக்குச் சத்தான தீவனம் இருந்தால்தான் வீட்டில் பால் இருக்கும். நம் ஆவின் மாதிரி ஓர் அமைப்பின் ஆய்வுக்கூடத்திலிருந்து நோபல் பரிசு வந்ததாக நினைத்துப் பாருங்கள்.

அரசாங்கமும் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே வந்தது. 1942-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வி.டி.டி. என்ற தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். 1967-இல் சுதந்திரப் பொன்விழா. அதற்கு நாடாளுமன்றம் நாட்டுக்குத் தந்த பரிசு சிலையோ மணிமண்டபமோ அல்ல, ஒரு நிதி. அதன் பெயர் சித்ரா. (நம் வீட்டுப் பெண் பெயர் மாதிரி இருக்கிறது இல்லையா?) 1983-இல் டெக்கெஸ் என்று ஓர் அலுவலகம். கம்பெனிகளின் ஆராய்ச்சிச் செலவில் ஒரு பங்கை அது கொடுக்கும், மீதியைக் கம்பெனி போட வேண்டும். பெரிய கம்பெனி வந்து கேட்டால், "பல்கலைக்கழகத்தையும் சின்னக் கம்பெனிகளையும் சேர்த்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லும். 1987-இல் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கைக் குழு ஒன்று அமைந்தது. தலைவர் பிரதமரே. நிதி அமைச்சரும் கல்வி அமைச்சரும் அதே மேசையில் உட்கார வேண்டும். கோப்பு இந்த அறைக்கும் அந்த அறைக்கும் அலைய வேண்டியதில்லை.

என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் ஒன்றை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 1970களில் அரசுக்குச் சொந்தமான டெலிவா என்ற நிறுவனமும் நோக்கியாவும் சேர்ந்து டிஎக்ஸ் 200 என்ற டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சை உருவாக்கின. பெரிய நாட்டுக் கம்பெனிகள் மாநகரங்களுக்கு ராட்சத எக்ஸ்சேஞ்ச் செய்துகொண்டிருந்த காலம் அது. இவர்களோ ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குப் பதிலாகச் சின்னச் சின்ன மைக்ரோபிராசசர்களைப் பகிர்ந்து வைத்தார்கள். 1982-இல் அது முதலில் போய் உட்கார்ந்த இடம் கோர்ப்போ என்ற தீவு ஊர். அதைப் படித்தபோது எனக்கு நம் சி-டாட்டின் 128 லைன் கிராமத்து எக்ஸ்சேஞ்ச் நினைவுக்கு வந்தது. ஏசி இல்லாமல் வெயிலில் ஓடுமே, அதேதான். கிராமத்தை மனதில் வைத்துச் செய்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறார்கள். கோர்ப்போவில் தொடங்கிய அந்தச் சாதனம்தான் பின்னால் செல்போன் இணைப்பகங்களுக்கும் அடிப்படையானது.

இப்போது 1991-க்கு வருவோம். ஜூலை 1-ஆம் தேதி, உலகின் முதல் வணிக ஜிஎஸ்எம் சேவையில் முதல் அழைப்பு பின்லாந்தில்தான் நடந்தது. முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி, தாம்பெரே துணை மேயர் காரினா சுவோனியோவுடன் பேசினார். அந்த வருடக் கடைசியில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார். வங்கிகள் தடுமாறின. 1990-இல் 100-க்கு 3 பேர்தான் வேலையில்லாதவர்கள். 1994-இல் 16 பேருக்கு மேல். பணக்கார ஐரோப்பிய நாட்டில் இலவச ரொட்டிக்கு வரிசை நின்றது.

எஸ்கோ அஹோவின் அரசாங்கம் எல்லாவற்றிலும் கத்தி வைத்தது. மருத்துவமனை, பள்ளிக்கூடம் எதுவும் தப்பவில்லை. ஆனால் டெக்கெஸுக்குப் போகும் பணம் குறையவில்லை, கூடியது. அடுத்து வந்த பாவோ லிப்போனென், அரசு நிறுவனப் பங்குகளை விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கு ஒதுக்கினார். வேறு கட்சி, வேறு கூட்டணி. இந்த ஒரு விஷயத்தில் முந்தையவர் போட்ட பாதையை மாற்றவில்லை. 1980களின் தொடக்கத்தில் நாடு 100 ரூபாய் சம்பாதித்தால் சுமார் 1 ரூபாய் 20 காசு ஆராய்ச்சிக்குப் போனது. 1990களின் முடிவில் 3 ரூபாயைத் தாண்டியது. தனியார் பணமும் சேர்ந்த கணக்கு இது.

பஞ்ச காலத்தில் பிள்ளைகள் பசியில் அழுதாலும் விதைநெல் பானையைத் தொடாத பாட்டிகளைப் பற்றி நம் வீடுகளில் கதை உண்டு. அது லேசான காரியம் இல்லை. ரொட்டி வரிசையில் நின்ற ஒருவன், "எனக்குச் சோறு இல்லை, கம்பெனிக்கு ஆராய்ச்சிப் பணமா?" என்று கேட்டிருந்தால் அவனிடம் என்ன பதில் சொல்வது? என் மேலதிகாரி கேட்ட அதே கேள்விதான். அவர் ஏசி அறையில் உட்கார்ந்து கேட்டார் என்பது தனி.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1992-இல் நோக்கியாவின் பொறுப்பை ஏற்ற யோர்மா ஒல்லிலா, மற்ற தொழில்களைக் கழித்துக்கொண்டே வந்து தொலைத்தொடர்பை மட்டும் பிடித்துக்கொண்டார். 50 லட்சம் பேர் வாழும் நாடு உலகத்துக்கே போன் விற்றது. இதை அரசாங்கம் செய்தது என்றால் அது மிகை. அரசாங்கம் இல்லாமலே நடந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் டெலிவாவை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். விதைநெல் பல வயல்களுக்குப் போனாலும், விளைச்சலெல்லாம் ஒரே களத்துமேட்டில் வந்து குவிந்தது. 2009-இல் ஆராய்ச்சிச் செலவு 100-க்கு 3.7 வரை ஏறியது. அதில் ஒரு பெரிய பங்கு நோக்கியா ஒன்றே செய்த செலவு. தொடுதிரை போன்கள் வந்து அது சரிந்தபோது நாட்டுக் கணக்கும் கூடவே சரிந்தது. 2014 ஏப்ரலில் போன் தொழில் மைக்ரோசாப்ட் கைக்குப் போனது.

இந்தத் தடவை கை நடுங்கிவிட்டது. டெக்கெஸின் நிதி வெட்டப்பட்டது. 2015-இல் பிரதமரான யூஹா சிபிலா ஒரு பொறியாளர், தொழில் நடத்திப் பணம் சம்பாதித்தவர். அவர் ஆட்சியில்தான் வெட்டு ஆழமாக விழுந்தது என்பது எனக்கு இன்றும் புரியாத புதிர். 2016-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்த வருடம் கணக்கு 2.7-க்கு வந்து நின்றது. 20 வருடம் ஏறிய மலையில் பாதியை ஏழே வருடத்தில் இறங்கிவிட்டார்கள். 2018-இல் டெக்கெஸ் என்ற பெயரே போய், வேறொரு அலுவலகத்தோடு இணைந்துவிட்டது.

தவறு செய்தோம் என்று அவர்களே பேசத் தொடங்கினார்கள். நாடாளுமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் உட்கார்ந்து பேசி, 2030-க்குள் 100-க்கு 4 ஆராய்ச்சிக்குப் போக வேண்டும், அதில் அரசின் பங்கு 1.2 என்று முடிவு செய்தார்கள். அரசின் பங்கைச் சட்டமாகவே எழுதினார்கள். 2023 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. யார் ஆட்சிக்கு வந்தாலும் பானையைத் தொடக்கூடாது என்று பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பூட்டு எத்தனை நாள் தாங்குமோ!

இந்தக் கதையின் ஒரு முனை நம் பக்கத்திலேயே இருந்தது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் சாலையோரம் வரிசையாக நிற்பார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணும் அந்த வட்டாரத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போனாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு மிக்ஸி வாங்கினாள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா ஆலை மூடியது. அவள் வேலை அதற்கு முன்பே போய்விட்டது. பின்லாந்தில் வேலை போன பொறியாளர்களில் பலர் சின்னச் சின்னக் கம்பெனி தொடங்கினார்கள். அதற்கு நிதியும் பயிற்சியும் கிடைத்தன. டிசைன் அங்கே, திருகு முடுக்குவது இங்கே என்று இருந்த ஏற்பாட்டில், அங்கே மிஞ்சியது மூளையில் இருந்த தொழில். இங்கே மிஞ்சியது காலிக் கட்டடம். எதிர்வீட்டுப் பெண் இப்போது பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். கெட்டிக்காரி.

அந்தக் கட்டடத்தைப் பிற்பாடு சால்காம்ப் என்ற நிறுவனம் வாங்கியது. அதுவும் பின்லாந்தில் பிறந்ததுதான், ஆனால் இப்போதைய உரிமையாளர்கள் சீனர்கள். செல்போன் சார்ஜர் செய்கிறார்கள்.

சார்ஜர் என்றதும் நினைவுக்கு வருகிறது. என் 1100-க்கு மொத்தப் பின் உள்ள பழைய சார்ஜர் வேண்டும். கடைத்தெருவில் மூன்று கடையில் கேட்டுவிட்டேன், சிரிக்கிறார்கள். உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அந்த டார்ச் எரிகிறதா என்று பேரனுக்குக் காட்ட வேண்டும்.