சேது நாணயம்

யாழ்ப்பாண அரசின் ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக் காசு. ஒரு பக்கம் நிற்கும் மன்னன். மறுபக்கம் படுத்த நந்தி, மேலே பிறை, கீழே ‘சேது’ என்ற தமிழ் எழுத்து. முன்பு இதை இராமநாதபுரம் சேதுபதிகளுடையது என்றே பலரும் கருதினர். ‘சேது’ என்று தொடங்கும் ஆரியச்சக்கரவர்த்திகளின் கொட்டகமக் கல்வெட்டு யாழ்ப்பாணத்துக்கு வலுவான சான்று. காசில் மன்னன் பெயரோ ஆண்டோ இல்லாததே பெருஞ்சிக்கல். 1619இல் போர்த்துக்கேயர் மன்னன் சங்கிலியைச் சிறைப்பிடித்ததும் யாழ்ப்பாண அரசு முடிந்தது. பின்னர், திருகோணமலையில் ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனி ‘டி’ (T) எழுத்திட்ட செப்புக் காசுகளை அடித்தது; அவற்றில் மன்னனே இல்லை, கம்பனி முத்திரைதான்.