முழங்கால் வலியும் கால்விரல் மூட்டு வலியும்: காரணங்கள், சிகிச்சை முறைகள்

நவி மும்பை: முழங்காலில் வலித்தாலும் கால் பெருவிரலில் வலித்தாலும் அதனை "மூட்டு வலி" என்றே பொதுவாகக் குறிப்பிடுகிறோம். மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதும் பெரும்பாலும் ஒரே வலி நிவாரணி மாத்திரைதான். ஆனால் இவ்விரு வலிகளுக்கும் காரணம் பெரும்பாலும் வேறு, சிகிச்சையும் வேறு. காரணம் அறியாமல் மாதக்கணக்கில் மாத்திரை உட்கொண்டால் மூட்டு குணமாகாது. சிறுநீரகமும் இரைப்பையும் பாதிக்கப்படக்கூடும்.

ஐரோலி போன்ற பகுதிகளில் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிவோரும், ரயில் நிலையப் படிகளை நாள்தோறும் ஏறி இறங்கும் முதியோரும் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம்.

முழங்கால் தேய்மானம்

நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு முழங்கால் வலி வர முதன்மையான காரணம், எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பு தேய்வதாகும். வயது, உடல் பருமன், பழைய காயம், பரம்பரை ஆகியவை இதற்குத் துணைபோகின்றன. படி இறங்கும்போதும், தரையில் அமர்ந்து எழும்போதும் வலி மிகும், ஓய்வெடுத்தால் குறையும்.

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எடைக் குறைப்பும், தொடையின் முன்பக்கத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியுமே சிகிச்சையின் அடித்தளம். வலி கூடும்போது, மாத்திரைக்கு முன்பாக மேற்பூச்சு வலி நிவாரணி ஜெல்லைப் பயன்படுத்தலாம். வலிக்கு அஞ்சி நடப்பதையே நிறுத்திவிட்டால் தசை மெலிந்து வலி மேலும் கூடும்.

பெருவிரலைத் தாக்கும் கவுட்

நள்ளிரவில் திடீரெனப் பெருவிரலின் அடி மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே தாங்க முடியாத வலி ஏற்பட்டால் அது "கவுட்" ஆக இருக்கலாம். இரத்தத்தில் மிகுந்த யூரிக் அமிலம் ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படிவதே இதற்குக் காரணம். மது, குறிப்பாக பீர், ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, இனிப்புக் குளிர்பானங்கள், இரத்த அழுத்தத்துக்கான சில நீரிறக்கி மருந்துகள் ஆகியவை இதனைத் தூண்டும். பருப்பு வகைகளை முற்றிலும் ஒதுக்கத் தேவையில்லை. தாவரப் புரதம் கவுட் அபாயத்தைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

வலி தாக்கும் வேளையில் இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் இயல்பான அளவிலேயே காணப்படலாம். அதனால் கவுட் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. திடீர் வலிக்குக் கோல்சிசின் போன்ற மருந்துகளும், மீண்டும் மீண்டும் வருவோருக்கு யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருக்க அலோபியூரினால் போன்ற மருந்துகளும் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றை மருத்துவர் ஆலோசனையின்றித் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

பிற காரணங்கள்

இரு கைகளிலும் கால்களிலும் சிறு மூட்டுகள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இறுக்கம் நீடித்தால் முடக்குவாதமா எனப் பரிசோதிக்க வேண்டும். தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றால் மூட்டுச் சிதைவைத் தடுக்கலாம். முனை குறுகிய காலணி அணிவதால் பெருவிரல் பக்கவாட்டில் வளைந்து வலிப்பதும் உண்டு. சர்க்கரை நோயாளிகள் கால்விரல் வீக்கத்தை, வலி இல்லாவிட்டாலும் அலட்சியப்படுத்தக் கூடாது.

அறுவை சிகிச்சையும் செலவும்

பயிற்சியும் மருந்தும் பலன் தராமல், அன்றாட நடமாட்டமே முடங்கும்போது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. பிரதமராக இருந்த அடல் பிகாரி வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் இடது முழங்காலிலும், 2001 ஜூனில் வலது முழங்காலிலும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை செய்யப்பட்டது.

சாதாரணக் குடும்பங்களுக்குச் செலவே பெரும் தடையாக இருந்தது. 2017 ஆகஸ்ட் மாதம் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. அதுவரை சராசரியாக 1.58 லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்ட கோபால்ட் குரோமிய மூட்டின் விலை, ஜிஎஸ்டி நீங்கலாக, 54,720 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. இது மூட்டுக்கு மட்டுமான விலை. அறுவை சிகிச்சை, அறை வாடகைக் கட்டணங்கள் தனி. எனவே மருத்துவமனைக் கட்டண ரசீதில் மூட்டின் விலை தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்ப்பது நல்லது. 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபர் முதல் விரிவுபடுத்தப்பட்டுள்ளது.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

காய்ச்சலுடன் ஒரே மூட்டு சிவந்து சூடாக வீங்குதல், அடிபட்ட பின் காலை ஊன்ற முடியாமை, கெண்டைக்காலில் திடீர் வீக்கம் ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூட்டுக்குள் கிருமித் தொற்று இருந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு சிதைந்துவிடும்.