நாகைக் கடற்றுறையும் நுளைப்பாடி அறமும்

சோழவளநாட்டின் கீழ்க்கடற்கரையில் விளங்கும் நாகப்பட்டினம், தேவார மூவரும் பாடிப் பரவிய காரோணத் திருத்தலமாகும். முதலாம் இராசராசன் காலத்தில் இத்துறையில் எழுந்த சூளாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக ஈயப்பெற்ற செய்தியை லெய்டன் செப்பேடுகள் கூறும். பின்னர்ப் போர்த்துக்கீசியர் வந்தனர். 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1781-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசர் ஈந்தவை செம்பிலும் கல்லிலும் நின்றன. நாள்தோறும் அக்கடலில் வலைவீசிய நுளையர் செய்த அறமோ, ஒரு புராணத்தினாலேயே உலகறிய நின்றது.

அதுவே சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் அருளிச்செய்த அதிபத்த நாயனார் புராணம். பட்டினத்தின் பெருவளத்தைப் பாடிய பெருமான், வலைகள் மேலே கிடக்கும் குடில்களையும், அருகே மீன்விலையால் குவிந்த பொன்னையும் ஒருங்கே காட்டுகிறார். அந்நுளையர் தலைவரான அதிபத்தர், வலைப்பட்ட மீன்களுள் தலைமீன் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விடும் நியமம் பூண்டவர். பல நாள் ஒரு மீனே அகப்பட்டது, அதனையும் விட்டார். செல்வம் சுருங்கிற்று, சுற்றம் பசித்தது. இறுதியில் மணியும் பொன்னுமாய ஒரு மீன் வந்தது; அதுவும் கடல் புகுந்தது. பொன்மீன் வந்த நாளையே பலரும் வியந்து பேசுவர். அதற்கு முன் ஒற்றை மீன் வந்த வெறும் நாள்களே அவர் தொண்டின் அளவைக் காட்டுவன என்பது கருதத்தக்கது.

ஆவணி ஆயில்யத்தில் நாயனாரின் குருபூசை நிகழும். அன்று நாகை மீனவர் சீர்வரிசையுடன் காயாரோகணப் பெருமான் திருக்கோயிலுக்கு வருவதும், பொன்மீனைக் கடலில் விடும் வைபவமும் காணத்தக்கன. கடற்கரையூர்களில் இத்தகைய விழாக்களுக்கு ஊர்ப்பஞ்சாயத்தார் தலைக்கட்டு வரி தண்டுவது பழைய வழக்கு. செல்வன் வறியன் என்னும் வேறுபாடின்றிக் குடிக்கு இவ்வளவென்று கொள்வர்.

விழா நிலைத்தது, அதனைத் தாங்கிய தொழின்மரபோ தேய்ந்து வருகின்றது. கனங்குறைந்த மரங்களைச் செதுக்கிக் கயிற்றாற் பிணித்த கட்டுமரம், கரை சேர்ந்ததும் அவிழ்த்து உலர்த்தப்படும். ஆணியில்லை, அலை மேலெழுந்தாலும் இடுக்குகளின் வழியே நீர் வடிந்துவிடும். இதன் பெயரே ஆங்கிலத்தில் ‘கட்டமரான்’ என வழங்குகிறது. பருத்தி நூல் வலைக்கு மாற்றாக நைலான் வந்தது; பிணித்த மரத்துக்கு மாற்றாக இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகு வந்தது. 26-12-2004 அன்று ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டதோடு, எண்ணற்ற மரங்களையும் வலைகளையும் சிதைத்தது. உதவியாக வந்தவற்றுள் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. அதனைக் குற்றமென்று கூறுதல் தகாது. தொழிலிழந்தவனுக்கு உடனே கடலேகும் கருவியன்றோ வேண்டும்? ஆயினும் மரம் பிணிக்கும் கைத்திறம், வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றறிந்து, நீவாடு பார்த்துச் செல்லும் அறிவு, வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு ஆகியவை முதியோரிடமே ஒடுங்கி நிற்கின்றன.

இவற்றைக் காக்க முற்படும் சிற்றறக்கட்டளைகளுக்கும் ஊர்ச்சங்கங்களுக்கும் வேண்டுவது பெரும்பொருளன்று. உப்புக்காற்றும் கரையானும் அணுகாதவாறு ஒரு கட்டுமரத்துக்குக் கொட்டகை, பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யும் செலவு, இளைஞருக்குக் கற்பிக்கும் முதியவருக்கு மாதந்தோறும் ஒரு தொகை, இவ்வளவே. விமானப் பொற்பூச்சுக்கு முன்வருவோர் பலர். கொட்டகைக்குக் கூரை வேய்வோரைத் தேடவேண்டியுள்ளது.

சோழர் கல்வெட்டுகளில் நந்தாவிளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகள் விடப்பட்டமை காணலாம். அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். இடையன் ஆடுகளைப் பேணி நாள்தோறும் நெய் அளப்பான், குட்டிகளால் மந்தை குறையாது, விளக்கும் அவியாது. முதல் அழியாமல், தொழில் செய்வோன் வாழ்ந்து, கோயிற்பணியும் நடந்த ஏற்பாடு அது. சிறுதொகையேனும் முதலாக வைக்கப்பெற்று, அதன் வட்டியால் ஆண்டுக்கொரு மரம் பிணிக்கும் பணி நுளைப்பாடி முதியவர் ஒருவரிடம் ஒப்புவிக்கப்படுமாயின், இளைஞர் இருவர் மூவர் அவர் அருகிருந்து முடிச்சுகளைக் கற்பர். ஆவணி ஆயில்யத்தன்று பொன்மீனும் கயிற்றாற் பிணித்த புதிய மரத்தின்மேல் கடலேகும்.