மாவுக்கட்டும் கணுக்கால் அசைவும்



பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்து, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கும் ஊருக்கு அருகே உள்ளது தென்னமரம் தோட்டம். பெயர்தான் தென்னை. இந்நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான், 1917-இல். அந்தச் செம்பனையோடு நமக்கு வந்தவை, குலை விழுந்து நசுங்கும் கால், வடிகால் பாலத்தில் வழுக்கி முறியும் கணுக்கால்.

கணுக்கால் முறிந்தால் நம் பெரியவர்கள் கட்டு வைத்தியரைத் தேடினார்கள். முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தம் மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவார். 1851-இல் ஹாலந்து நாட்டு இராணுவ மருத்துவர் மத்தைசன் சுண்ணத்தூள் தடவிய துணிக்கட்டைக் கண்டுபிடித்தார். அது ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அதையும் நாம் மாவுக்கட்டு என்றே சொன்னோம். பொருத்தமான பெயர்தான்.

கட்டிய காலை அசைக்கலாமா? இதில்தான் பெரிய சண்டை நடந்தது. லிவர்பூல் நகரில் ஹியூ ஓவன் தாமஸ் என்றொரு மருத்துவர். அவருடைய தந்தையும் நம் கட்டு வைத்தியரைப் போன்றவரே. முறிந்த எலும்புக்கு நீண்ட ஓய்வு, இடைவிடாத ஓய்வு வேண்டும் என்றார் மகன். பிரான்சில் லூக்காஸ் ஷாம்பியோனியேர் அதை மறுத்தார். தேய்த்துவிட்டு மெல்ல அசைக்க வேண்டும் என்று 1895-இல் நூலே எழுதினார். ஆனால் நெடுங்காலம் வென்றது ஓய்வுக் கட்சிதான். எலும்பு விலகிவிடுமோ என்ற அச்சம் நியாயமானதுதானே!

ஓய்வுக்கும் விலை உண்டு. வாரக்கணக்கில் அசையாத காலில் கெண்டைச்சதை சூம்பும், மூட்டு விறைக்கும், சில வேளை இரத்தமும் உறையும். கட்டைப் பிரித்த பிறகும் குத்துக்கால் வைத்து உட்கார முடியாது. பிரட்டுக்குப் போனால்தான் கூலி என்றிருந்த குடும்பத்தில் அடுப்பு எரிவது எப்படி? வேலையில் அடிபட்டவருக்கு விடுப்பு நாளிலும் பணம் தரும் சொக்சோ 1971-இல்தான் வந்தது.

1958-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் மொரிஸ் முல்லரும் தோழர்களும் ஒரு சங்கம் அமைத்தார்கள். தகடும் திருகாணியும் வைத்து எலும்பை உறுதியாகப் பிணைத்துவிட்டால் மூட்டை விரைவில் அசைக்கலாம் என்பது அவர்கள் கொள்கை. அப்படியும், அறுவைக்குப் பின் ஆறு வாரம் காலை ஊன்றாதே என்ற பழக்கம் பல இடங்களில் நீடித்தது.

2024-இல் பிரிட்டனிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. கணுக்கால் அறுவை முடிந்த 480 பேரில் ஒரு பகுதியினர் இரண்டு வாரத்தில் கால் ஊன்றினார்கள், மற்றவர்கள் ஆறு வாரம் காத்திருந்தார்கள். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, முன்னதாக ஊன்றியவர்கள் பின்தங்கவில்லை. சிக்கல்களும் கூடவில்லை.

இது எல்லாக் காலுக்கும் பொருந்தாது. நீரிழிவால் பாதம் மரத்துப் போனவரையும், பிணைப்பு உறுதியாக அமையாதவரையும் மருத்துவர் காத்திருக்கச் சொல்வார். ஆகவே கட்டு மாற்றப் போகும் நாளில், “ஐயா, எப்போது அசைக்கலாம், எப்போது ஊன்றலாம்?” என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கி வர வேண்டும். அசைப்பது வேறு, ஊன்றுவது வேறு.