250-க்கு ஒரு சிசி குறைவு: கவாசாகி டி-டிராக்கரின் கதை

சிறந்த பைக் ரேஸ் வீரர் யார்? 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் இருந்தன. மண்மேடுகளில் தாவும் மோட்டோகிராஸ் வீரர். மண் தடத்தில் சறுக்கியபடியே வளையும் ஃப்ளாட் டிராக் வீரர். தார்த் தடத்தில் பறக்கும் ரோட் ரேஸ் வீரர். மூவரும் ஒரே தடத்தில் மோதினால்?

கேவின் ட்ரிப் என்ற பந்தய அமைப்பாளர் அதைச் செய்தே பார்த்தார். 1979-ல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் தடத்தில் ஏபிசி தொலைக்காட்சிக்காக 'சூப்பர்பைக்கர்ஸ்' பந்தயம் நடந்தது. தடத்தில் பெரும்பகுதி தார், மீதி மண். முதல் வருடம் ஜெயித்தவர் கென்ட் ஹோவர்டன், ஒரு மோட்டோகிராஸ் வீரர்!

1985-க்குப் பிறகு இந்த நிகழ்ச்சி நின்றுவிட்டது. ஆனால் யோசனை சாகவில்லை. ஐரோப்பாவுக்குப் போய், குறிப்பாகப் பிரான்சில் 'சூப்பர்மோட்டார்ட்' என்ற பெயரில் வளர்ந்தது. டர்ட் பைக்கை எடு, சக்கரத்தை மாற்று, ரோட் டயர் போடு, பெரிய பிரேக் டிஸ்க் மாட்டு. அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் இதையெல்லாம் ஓட்டுபவரே செலவு செய்து செய்ய வேண்டியிருந்தது.

அந்த வேலையை ஷோரூமுக்கே கொண்டுவந்த பைக்குகளில் முக்கியமானது கவாசாகி டி-டிராக்கர். 1998-ல் ஜப்பானில் வெளிவந்தது. கேஎல்எக்ஸ்250 என்ற டர்ட் பைக்தான் இதன் தாய்.

சில விபரங்கள்:

* இன்ஜின்: 249 சிசி, ஒற்றை சிலிண்டர், 4 வால்வு, லிக்விட் கூலிங்
* போர் 72.0 மி.மீ., ஸ்ட்ரோக் 61.2 மி.மீ.
* சக்தி: 30 பிஎஸ் (8,500 ஆர்பிஎம்-ல்)
* கியர்: 6
* சக்கரம்: முன்னும் பின்னும் 17 அங்குலம்

போரை விட ஸ்ட்ரோக் குறைவு என்பதால் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த தூரமே நகர்கிறது. அதனால் இன்ஜின் அதிக ஆர்பிஎம்-ஐத் தாங்கும்.

உண்மையான வித்தியாசம் சக்கரத்தில்தான். டர்ட் பைக்கின் 21 அங்குல முன்சக்கரம், டயருடன் சேர்த்து சுமார் 686 மி.மீ. விட்டம் கொண்டது. 17 அங்குலத்தில் 110/70 டயர் போட்டால் சுமார் 586 மி.மீ. அதாவது முன்புறம் கிட்டத்தட்ட 5 செ.மீ. கீழே இறங்குகிறது. ஃபோர்க் இன்னும் செங்குத்தாகிறது. வளைவில் பைக் சட்டென்று திரும்புகிறது. அகலமான ரோட் டயர் தாரைக் கெட்டியாகப் பிடிக்கிறது.

சரி, ஏன் 249 சிசி? 300 வைத்தால் என்ன? இதற்குப் பதில் தொழிற்சாலையில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது! ஜப்பானில் 250 சிசி-யைத் தாண்டிய பைக்குகள் 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனைக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை போக வேண்டும். அதற்குப் பணமும் அலைச்சலும் அதிகம். 250-க்குள் இருந்தால் அந்தத் தொல்லையே கிடையாது. குறைந்த வருமானமுள்ள இளைஞருக்கு இது சின்ன விஷயமா? அந்த ஒரு சிசி குறைவுதான் பைக்கை அவர் கைக்கு எட்ட வைத்தது.

ஆனால் பிறக்க உதவிய சட்டமே பிறகு கழுத்தையும் நெரித்தது. வாகனப் புகை விதிகள் இறுகியதால் 2008-ல் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பெயர் 'டி-டிராக்கர் எக்ஸ்' ஆனது. சக்தியோ 24 பிஎஸ்-ஆகக் குறைந்தது. 2010-களின் நடுவில் அடுத்த கட்ட விதிகள் வந்தபோது, ஜப்பானில் இந்த பைக்கின் கதை முடிந்தது.

பின்னர் கவாசாகி கேஎல்எக்ஸ்230எஸ்எம் என்ற பைக்கைக் கொண்டுவந்தது. 233 சிசி, ஏர் கூலிங், எளிமையான இன்ஜின். சக்தி இன்னும் குறைவு. ஆனால் சக்கரம் அதே 17 அங்குலம்.

ஒரு பைக்கின் ஸ்பெசிஃபிகேஷனை இன்ஜினியர் மட்டும் எழுதுவதில்லை. பந்தயத் தடம் பாதி எழுதுகிறது, மீதியை அரசாங்கமும் வாங்குபவரின் பர்ஸும் எழுதுகின்றன!