ஆர்குட்: வாசல் தெரிந்தது, வெளியேறும் வழி தெரியவில்லை

புதுசா ஒரு சமூக வலைதளம் வந்தா, ஒரு வெப் டெவலப்பரா நீங்க முதல்ல எதைப் பார்ப்பீங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்குப் பதில் சொல்லணும்னா ஆர்குட்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். எனக்கு அதுதான் முதல் தளம்.

என் ஊர் எலவனாசூர்கோட்டை. உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி போகிற வழியில் இருக்கு. 2006-ல் நான் காலேஜ் இரண்டாம் வருஷம். அப்போ எங்க ஊர் விழுப்புரம் மாவட்டம்; கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல்தான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. லீவுக்கு வந்தால், பஸ் ஏறி கள்ளக்குறிச்சி போய், பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்காருவேன்.

ஆர்குட் பியூயுக்கோக்டென் என்பது ஒரு துருக்கிக்காரரின் பெயர். கூகுளில் இன்ஜினியராக இருந்தவர். வேலை நேரத்தில் 20 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவழிக்கலாம் என்ற கூகுளின் வழக்கத்தில் உருவாக்கியது இந்தத் தளம். 2004 ஜனவரியில் வெளிவந்தது. ஆரம்பத்தில் யாராவது அழைத்தால்தான் உள்ளே போக முடியும். அமெரிக்காவைவிட அதைக் கொண்டாடியது பிரேசிலும் இந்தியாவும்தான்.

முதல் தடவை பார்த்தப்போ எனக்கு ஒண்ணு விசித்திரமாகப் பட்டது. எல்லாமே வெளிப்படை. ஒருத்தர் ஸ்கிராப்புக்கில் யார் என்ன எழுதினாலும் ஊரே படிக்கலாம். நம்ம பக்கத்தை யார் எட்டிப் பார்த்தாங்கன்னுகூடக் காட்டும். நண்பர்களுக்கு ‘கூல்’, ‘நம்பிக்கையானவர்’னு மார்க் போடலாம். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

இன்னொண்ணு, டெவலப்பர் ஆனப்புறம்தான் புரிஞ்சது. அப்போ அட்ரஸ் பாரில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் வரியை ஒட்டி என்டர் தட்டினால், பக்கத்தில் இருக்கிற படமெல்லாம் வட்டமாகப் பறக்கும். எல்லா நண்பர்களுக்கும் ஒரே நேரத்தில் பொங்கல் வாழ்த்து அனுப்பவும் ஒரு வரி இருந்தது. அதைப் பிரிச்சுப் பார்த்துத்தான் நான் ஜாவாஸ்கிரிப்ட்டே கத்துக்கிட்டேன். ஆனா அதே மாதிரி ஒரு வரியால் அடுத்தவர் கணக்கையும் திருடலாம். 2007 டிசம்பரில் ஒரு புழு பரவியது. வந்த ஸ்கிராப்பைத் திறந்து பார்த்தாலே போதும், அது உங்க நண்பர்களுக்கும் தன்னை அனுப்பிக்கும். லட்சக்கணக்கான கணக்குகளுக்குப் போயிருச்சு. பயனர் எழுதுவதை வடிகட்டாமல் பக்கத்தில் காட்டக்கூடாது என்ற பாடத்துக்கு, இன்னைக்கும் ஜூனியர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

என் சித்தப்பா பையன், எனக்கு அண்ணன் முறை, சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். போனில் பேசினால் காசு. அதனால் எல்லாம் ஸ்கிராப்தான். ஆங்கில எழுத்தில் தமிழ். “டேய் சாப்டியா, அம்மா முட்டி வலி எப்டி இருக்கு”, இவ்வளவுதான் இருக்கும். எனக்கு ஒரு டெஸ்டிமோனியலும் எழுதியிருந்தார். “இவன் பெரிய ஆளா வருவான், இப்பவே கடன் கேட்டு வச்சுக்கங்க”ன்னு.

அப்புறம் ஃபேஸ்புக் வந்தது. ஆர்குட்டில் ஒருத்தரைப் பார்க்கணும்னா அவர் பக்கத்துக்கு நாமதான் போகணும். ஃபேஸ்புக் 2006-ல் நியூஸ் ஃபீடைக் கொண்டு வந்தது. எல்லார் சேதியும் நம்ம பக்கத்துக்கே வந்து சேரும். 2010 ஜூலையில், காம்ஸ்கோர் கணக்குப்படி, இந்தியாவில் ஃபேஸ்புக் ஆர்குட்டை முந்தியது. இரண்டுக்கும் அப்போ சுமார் 2 கோடிப் பார்வையாளர்கள். நானும் கிளம்பிட்டேன். யாரும் ஆர்குட் கணக்கை மூடவில்லை. போகிறதை நிறுத்தினோம், அவ்வளவுதான்.

அண்ணன் 2012-ல் ஒரு சாலை விபத்தில் போயிட்டார்.

2014 ஜூன் மாதம் கூகுள் அறிவித்தது: செப்டம்பர் 30-ஓடு ஆர்குட் மூடப்படும். ஆனா ஸ்கிராப், படம், டெஸ்டிமோனியல் எல்லாத்தையும் டேக்அவுட் வழியாக 2016 செப்டம்பர் வரை இறக்கிக்கலாம். இரண்டு வருஷத்துக்கு மேல அவகாசம். எனக்கு அந்த அறிவிப்பு தெரியும். ஆபீஸில் டீக்குடிக்கும்போது அதைப் பத்திப் பேசியும் இருக்கேன். கிளையன்ட்டோட டேட்டாபேஸுக்குத் தினமும் பேக்கப் எடுக்கிற வேலைதான் எனக்கு. சொந்தக் கணக்குக்கு மட்டும் ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’.

2017 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தி கேட்டாங்க: “கம்ப்யூட்டர்ல அவன் உனக்கு எழுதுவானே, அதெல்லாம் இருக்காடா?” என்கிட்ட பதில் இல்லை. எங்க ஊர்ச் சிவன் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டு இன்னும் இருக்கு. பத்து வருஷத்துக்கு முன்னாடி எழுதினதை என்னால் காட்ட முடியலை. தப்பு தளத்தோடது இல்லை. கதவைத் திறந்துதான் வச்சிருந்தாங்க. நான்தான் போகலை.

அதுக்கப்புறம் கூகுள் பிளஸ் 2011-ல் வந்து 2019 ஏப்ரலில் மூடியது. பெங்களூருவின் கூ 2020-ல் தமிழ் உட்பட நம்ம மொழிகளை நம்பித் தொடங்கி, 2024 ஜூலையில் நிறுத்தப்பட்டது. ஒவ்வொண்ணும் வரும்போது இனி இதுதான்னு பேச்சு இருந்தது. நாளைக்கு இன்னொண்ணு வரும். நானும் சேருவேன். ஆனா டிசைன், வேகம், எத்தனை பேர் இருக்காங்க, இதெல்லாம் பார்க்கிறதுக்கு முன்னாடி நேரா செட்டிங்ஸுக்குப் போவேன். என் டேட்டாவை இறக்கிக்கொள்ள வழி இருக்கா? இறக்கினால் வேற எதிலாவது திறக்க முடியுமா? ஒரு தளத்தை நடத்துறவங்க, நம்ம எழுத்து யாருடையதுன்னு நினைக்கிறாங்க என்பது அந்த ஒரு பட்டனில் தெரிஞ்சிடும்.

நீங்களும் இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை அதை அழுத்திப் பாருங்க. ஃபைல் வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். வந்ததும் போனில் விட்டு வைக்காமல் வேற ஒரு இடத்திலும் போட்டு வைங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.